பெட்டிக்குள் வளர்ந்த தோட்டம்: பெர்லின் இளவரசியர் தோட்டத்தின் பத்தாண்டு

ரொட்டி அடுக்கி லாரியில் ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டியின் அடிப்பரப்பு 60 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம். ஐரோப்பாவில் பேக்கரிகளும் கிடங்குகளும் லாரிகளும் இந்த அளவுக்கு ஒத்துப்போகும்படியே அமைந்தவை. 2009ஆம் ஆண்டு கோடையில் பெர்லின் நகரின் மோரிட்ஸ்பிளாட்ஸ் சந்திப்பில் ஒரு சமூகத் தோட்டம் தொடங்கியபோது, தரையில் வெட்டிய பாத்தி ஒன்றுகூட அங்கே இல்லை. இந்தப் பெட்டிகளே பாத்திகள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மண் நிரப்பி, அதில் கீரையும் முள்ளங்கியும் மூலிகையும் நட்டார்கள்.

சமூகத் தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தன்னார்வலர்களின் ஆர்வத்தை ஒரு தலைப்பிலும், பழைய பொருட்களின் மறுபயன்பாட்டை இன்னொரு தலைப்பிலும் வைத்துப் பேசுவது வழக்கம். இந்தத் தோட்டத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. எந்தப் பொருளைக் கொண்டு தோட்டம் கட்டுகிறோமோ, அதுதான் யார் வந்து வேலை செய்ய முடியும் என்பதை முடிவு செய்கிறது. அந்தத் தோட்டம் அந்த இடத்தில் எத்தனை காலம் நிற்கும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. முதல் விஷயம் தொடங்கிய சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது தெரியப் பத்து ஆண்டுகள் ஆயின.

இடமும் தொடக்கமும்

மோரிட்ஸ்பிளாட்ஸ் இருப்பது கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில். 1913இல் அங்கே வெர்ட்ஹைம் நிறுவனம் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியைத் திறந்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அது அழிந்தது. பிறகு நகரைப் பிரித்த சுவர் மிக அருகில் எழுந்ததால், நகரத்தின் நடுவில் இருக்க வேண்டிய சந்திப்பு விளிம்பில் ஒதுங்கிய மூலையாகிவிட்டது. சுவர் வீழ்ந்த பிறகும் அங்கே பெரிதாக ஒன்றும் வரவில்லை. சுமார் 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர், அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் தரிசாகக் கிடந்தது. இடிபாடும் குப்பையும் குவிந்த மண்ணில், யாரும் நடாமலே முளைத்த ரொபினியா மரங்கள் மட்டும் ஒரு சிறு தோப்பாக வளர்ந்திருந்தன.

முன்கை எடுத்தவர்கள் இருவர். ராபர்ட் ஷா திரைப்படத் துறையிலிருந்து வந்தவர், மார்கோ கிளவ்சன் வரலாறு படித்தவர். தோட்டக்கலை இருவருக்கும் தொழில் அல்ல. கியூபாவில் தங்கியிருந்தபோது ஷா பார்த்த நகர்ப்புற வேளாண்மைதான் இதற்கு வித்து. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கியூபாவுக்கு எரிபொருளும் உரமும் வருவது பெருமளவு குறைந்துபோயிற்று. அந்த நெருக்கடியில் ஹவானா மக்கள் காலிமனைகளிலும் கான்கிரீட் தரைகளிலும், கிடைத்ததை அடைத்து வரம்பு கட்டி, உள்ளே மட்கு நிரப்பிக் காய்கறி வளர்த்தார்கள். ஒர்கனோபோனிகோ என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். மண் கெட்டிருந்தால் அதன்மேல் புது மண்ணைக் கொண்டுவந்து வைக்கலாம் என்ற எளிய உண்மையை ஷா அங்கிருந்து கொண்டுவந்தார்.

2009இல் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் ஆர்வலர்களும் கூடி அந்த மனையில் கிடந்த குப்பையை அள்ளிச் சுத்தம் செய்தார்கள். அருகிலுள்ள பிரின்செஸ்ஸின்னென் தெருவின் பெயரையொட்டி, இளவரசியர் தோட்டம் என்ற பொருளில் தோட்டத்துக்குப் பெயர் வந்தது. நடத்துவதற்கென ஒரு லாபநோக்கற்ற நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். அதன் பெயர் நோமாடிஷ் குரூன், நாடோடிப் பசுமை.

அந்தப் பெயரிலேயே அவர்களுக்கு முன்னிருந்த தடை இருக்கிறது. நிலம் நகருக்குச் சொந்தமானது. வாங்க ஆள் வந்தால் விற்கப்படக்கூடியது. கிடைத்த குத்தகையும் குறுகிய காலத்துக்கானது. குண்டு விழுந்து, இடிந்து, மூடப்பட்ட நகர மண்ணில் ஈயமோ வேறு நஞ்சோ எவ்வளவு கலந்திருக்கும் என்று நம்பி விதைக்கவும் முடியாது. தரையில் வேர்விடக் கூடாது, நிலைத்திருக்க உரிமையும் இல்லை. இந்த இரண்டு தடைகளுக்கும் சேர்த்துக் கண்ட ஒரே பதில்தான் பெட்டி.

பெட்டி என்ற கருவி

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பேக்கரிப் பெட்டி உணவுப்பொருள் தொடுவதற்கென்றே செய்யப்பட்டது. காய்கறி வளர்க்க அதில் தயக்கம் வேண்டாம். பக்கங்களில் துளைகள் இருப்பதால் அதிக நீர் தானே வடிந்துவிடும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். மண் சிந்தாமலிருக்க உள்ளே ஒரு துணியோ தாளோ விரித்தால் போதும். காலிப் பெட்டிகளை அடியில் அடுக்கினால் பாத்தி இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். குனிய முடியாத முதியவருக்கும் அது எட்டும்.

30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் நிரப்பினால் ஒரு பெட்டி 72 லிட்டர் கொள்ளும். ஈரமான மண்கலவை லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும் 70 கிலோவுக்கு மேல். இரண்டு பேர் சேர்ந்தால் நகர்த்தலாம். மரத்தட்டில் வைத்துவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் ஒரு வரிசையையே தூக்கிக்கொண்டு போகும். தோட்டம் முழுவதையும் லாரியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோகலாம் என்று அவர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நடக்கக்கூடிய காரியம்தான்.

மற்ற பொருட்களும் இதே வழியில் சேர்ந்தன. உருளைக்கிழங்குக்கு அரிசிச் சாக்கு. சாக்கின் வாயைச் சுருட்டிக் கீழே மடித்து, அடியில் கொஞ்சம் மண்ணிட்டுக் கிழங்கை நடுவார்கள். தண்டு உயர உயர மடிப்பைப் பிரித்து மண்ணைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அறுவடையின்போது சாக்கைக் கவிழ்த்தால் கிழங்குகள் உருண்டு வரும், மண்வெட்டி பட்டு ஒன்றுகூட வெட்டுப்படாது. நாற்று வளர்க்கக் காலியான டெட்ரா பேக் அட்டைகள். சமையலறைக்கும் சிற்றுண்டிக் கூடத்துக்கும் பழைய சரக்குக் கன்டெய்னர்கள். தேனீப் பெட்டிகளும் வந்தன. ரொபினியா மரநிழலில் மேசை நாற்காலிகள். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் அறவே இல்லை.

பெட்டித் தோட்டத்தின் விலையையும் சொல்லியாக வேண்டும். மண் குறைவு, வெளிப்பரப்பு அதிகம். எல்லாப் பக்கமும் காற்றும் வெயிலும் படுவதால் தரைப்பாத்தியைவிட மிக வேகமாகக் காய்ந்துவிடும். கோடையில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் கீரை துவண்டுவிடும். 72 லிட்டர் மண்ணில் இருக்கும் சத்தைத் தக்காளியோ பூசணியோ ஒரே பருவத்தில் உறிஞ்சிவிடும். ஒவ்வொரு பருவத்துக்கும் மட்கு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டே விளைச்சல் சரியும். ஆகவே மட்குக் குழியும் தண்ணீர்க் குழாயும் இல்லாத இடத்தில் பெட்டித் தோட்டம் தொடங்குவது வீண் உழைப்பு என்றே நான் சொல்வேன். நெய்த பாலிபுரோப்பிலீன் சாக்கும் வெயிலில் நார்நாராகப் பிரியும். பிரிவதற்கு முன்பே அதை அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் துகள் மண்ணோடு கலந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இளவரசியர் தோட்டத்தைப் பார்த்து ஊக்கம் கொண்டவர்கள், இலவசமாகக் கிடைக்கும் எதையும் பாத்தியாக்கலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளில் மரம் உளுத்துப்போகாமலிருக்கப் பூசும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும், அது உணவுப்பயிருக்கு அருகில் இருக்கவே கூடாத பொருள். டயரிலிருந்து துத்தநாகமும் வேறு சேர்மங்களும் கசியக்கூடும் என்பதால் பூச்செடிக்கு வைத்துக்கொள்ளலாம், கீரைக்கு வேண்டாம். பழைய கதவு, ஜன்னல் சட்டங்களில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்க வாய்ப்புண்டு. சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளில் முத்திரையைப் பார்க்க வேண்டும். பன்னாட்டுச் சரக்குக்கான ஐஎஸ்பிஎம் 15 விதிப்படி, எச்டி (HT) என்ற முத்திரை இருந்தால் மரத்தின் உள்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள், அது நல்லது. எம்பி (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு காட்டிய மரம். அதை விறகாக எரிக்கவும் வேண்டாம், பாத்தி கட்டவும் வேண்டாம். பேக்கரிப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தச் சிக்கல்கள் அத்தனையையும் ஒரே முடிவில் தவிர்த்தார்கள்.

ஆட்கள்

ஜெர்மனியில் நகரவாசிகள் தோட்டம் போடுவது புதிதல்ல. ஷ்ரேபர்கார்ட்டன் என்ற குடும்பத் தோட்ட மரபு அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. சங்கத்தில் உறுப்பினராகி, காத்திருந்து, வேலி போட்ட ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குடும்பமாகப் பயிர் செய்வது அந்த முறை. இளவரசியர் தோட்டம் இதிலிருந்து வேறொரு பாதையை எடுத்தது. அங்கே யாருக்கும் சொந்தப் பாத்தி இல்லை. வாரத்தில் குறிப்பிட்ட தோட்ட வேலை நாட்களில் யார் வேண்டுமானாலும் வரலாம். முன்பதிவு வேண்டாம், அனுபவமும் கேட்பதில்லை. வந்தவருக்கு அன்றைக்குத் தேவையான வேலை கிடைக்கும்.

சொந்தப் பாத்தி இல்லாமல் ஆட்கள் தொடர்ந்து வருவார்களா என்று யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. இங்கேதான் பெட்டி தன் வேலையைச் செய்கிறது. ஒன்றரை ஏக்கர் தரிசைக் காட்டி இதைத் தோட்டமாக்குவோம் என்றால், இரண்டு மணி நேரம் மட்டும் கொடுக்கக்கூடிய ஒருவர் எங்கே தொடங்குவார்? ஒரு பெட்டி என்றால் தொடங்கலாம். உள்ளே துணி விரித்து, மண் நிரப்பி, நாற்று நட்டு, பூவாளியால் தண்ணீர் ஊற்றி, வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். போகும்போது செய்துமுடித்த ஒரு வேலை கண்ணெதிரே இருக்கிறது. அடுத்த வாரம் வந்து பார்த்தால் அது முளைத்திருக்கிறது. தன்னார்வலரை மறுபடி வரவைப்பது இந்த நிறைவுதான் என்று நான் நம்புகிறேன். மரவேலை தெரிந்தவர் மட்டுமே கட்டக்கூடிய பெரிய மேடைப்பாத்திகளாக இருந்திருந்தால் நான்கு பேர் கட்ட, நாற்பது பேர் கைகட்டி நின்றிருப்பார்கள்.

இன்னொன்று. தொடங்கியவர்கள் தோட்டக்கலை வல்லுநர்களாக இல்லாததால், தெரிந்தவர்கள் வந்து சொல்லிக்கொடுக்க இடமிருந்தது. கிராய்ட்ஸ்பெர்க் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பகுதி. கிராமத்தில் வளர்ந்து, நகரத்து அடுக்குமாடியில் மண்ணைத் தொடாமல் வாழ்கிறவர்கள் அங்கே உண்டு. தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லும் தோட்டத்தில் அவர்களின் அறிவுக்கு மதிப்புக் கிடைக்கும். எல்லாம் தெரிந்த ஒருவர் கட்டளையிடும் தோட்டத்தில் அவர்கள் வெறும் வேலையாட்கள். இந்த வேறுபாடு எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

தன்னார்வலர்களால் மட்டும் இந்தத் தோட்டம் ஓடவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. வசந்தத்தில் நாற்று நடக் கூட்டம் வரும். கோடை நடுவில் பாதிப்பேர் விடுமுறைக்குப் போயிருக்கும்போதுதான் பெட்டிகளுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அதற்குப் பொறுப்பெடுத்துக்கொள்ள சம்பளம் பெறும் ஒரு சிறு குழு இருந்தது. சிற்றுண்டிக் கூடத்தின் வருமானம், விளைச்சல் விற்பனை, பயிற்சி வகுப்புகள், பாத்திகளுக்கான ஆதரவாளர்கள், பள்ளிகளிலும் வேறிடங்களிலும் இதே முறையில் தோட்டம் அமைத்துக் கொடுத்ததில் வந்த கூலி என்று பணம் பல வழிகளில் வந்தது.

2012

தோட்டம் மூன்று ஆண்டுகளில் பெயர் பெற்றுவிட்டது. அதோடு மோரிட்ஸ்பிளாட்ஸும் மதிப்புள்ள இடமாயிற்று. நகரின் சொத்து விற்பனை நிதியம் மனையை விற்கப் போவதாகச் செய்தி வந்தது. வளர விடுங்கள் என்ற முழக்கத்தோடு இயக்கம் எழுந்தது. 30,000க்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. 2012 டிசம்பரில் விற்பனை கைவிடப்பட்டு, நிலம் பகுதி நிர்வாகத்தின் பொறுப்புக்குத் திரும்புவதென முடிவாயிற்று.

பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்பதுதான் தொடக்கத் திட்டம். ஆனால் அந்தத் தருணம் கிட்ட வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் போகக் கூடாது என்று கையெழுத்திட்டார்கள். இடையில் என்ன நடந்தது? பெட்டிக்குள் இருந்தது கீரையும் மூலிகையும். பெட்டிக்கு வெளியே ஒரு பழக்கம் வளர்ந்திருந்தது. சுரங்க ரயிலிலிருந்து இறங்கி மரநிழலில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம், வேலை நாளன்று வழக்கமான முகங்களைப் பார்க்கும் பழக்கம். அதை ஏற்றிச் செல்ல லாரி கிடையாது.

அதன் பிறகு தோட்டத்தில் எழுந்த ஒரு கட்டுமானம் இதற்குச் சான்று. லவ்பே என்று அழைக்கப்படும் மூன்று தள மரக்கூடம் அது. கொடிகள் படரவும், மக்கள் கூடிக் கற்கவும் பேசவும் பலரின் கைகளால் கட்டப்பட்டது. நாடோடி என்று பெயர் வைத்துக்கொண்ட தோட்டம், தூக்கிச் செல்ல முடியாத ஒன்றைக் கட்டத் தொடங்கியிருந்தது.

பிரிவு

2018 முடிவில் குத்தகைக் காலம் முடியும் கட்டம் நெருங்கியது. நோமாடிஷ் குரூன் குழு தெற்கே நொய்கோல்ன் பகுதியில், ஹெர்மன் தெருவிலுள்ள புதிய புனித யாக்கோபு கல்லறைத் தோட்டத்துக்கு 2019இல் இடம்பெயர்ந்தது. பெர்லினில் தகனம் செய்து சாம்பல் கலசங்களைப் புதைப்பது பெருகியதால் பழைய கல்லறைகளில் நிலம் மிஞ்சுகிறது. அந்த நிலத்தைப் பயனுள்ளதாக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. பெட்டிகள் பத்து ஆண்டுகளுக்கு முன் சொன்னபடியே பயணம் செய்தன.

எல்லோரும் போகவில்லை. மோரிட்ஸ்பிளாட்ஸை 99 ஆண்டுகளுக்குப் பொதுநிலமாகக் காக்க வேண்டும் என்று கோரியவர்கள் அங்கேயே தங்கித் தோட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு தோட்டங்கள் இன்று இரண்டு இடங்களில் இருக்கின்றன. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உழைத்தவர்கள் இரண்டாகப் பிரிவது வலியில்லாமல் நடந்திருக்காது.

ஓர் ஒப்பீடு

நியூயார்க்கின் லிஸ் கிறிஸ்டி தோட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1973இல் ஓவியர் லிஸ் கிறிஸ்டியும் கிரீன் கெரில்லாஸ் என்ற குழுவினரும் பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் குப்பை நிறைந்த மனை ஒன்றைச் சுத்தம் செய்து, மண் பரப்பி, வேலி போட்டார்கள். 1974 ஏப்ரலில் நகர நிர்வாகம் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அதை அவர்களிடம் விட்டது. அறுபது மேடைப்பாத்திகளில் காய்கறி, அதன் பின் மரங்கள். கிறிஸ்டி 1985இல் மறைந்தார். அடுத்த ஆண்டு தோட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்தும் தோட்டம் அதே மூலையில் நிற்கிறது.

அங்கே மண்ணைத் தரையிலேயே பரப்பினார்கள், மரத்தை நட்டார்கள். அதனால் அகற்றுவது என்றால் வெட்டுவது என்று ஆகிவிட்டது. மரத்தை வெட்டச் சொல்வதற்கு எந்த நிர்வாகமும் யோசிக்கும். பெட்டியை நகர்த்தச் சொல்வதில் அந்தக் கூச்சம் இல்லை. நகர்த்துவதற்கென்றே செய்ததுதானே என்று கேட்டுவிடலாம். இளவரசியர் தோட்டத்துக்கு நிலம் கிடைத்ததற்கு அது நகரக்கூடியது என்பதே முக்கியக் காரணம். பிறகு நிலத்தின்மேல் உரிமை கேட்கும்போது அதே குணம் அவர்கள் கையை வலுவிழக்கச் செய்தது என்பது என் கணிப்பு. நகரங்கள் இருவேறு, சட்டங்கள் இருவேறு. ஆகவே இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க விரும்பவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு, குறுகிய காலக் குத்தகையில் பழைய பொருட்களோடும் தன்னார்வலர்களோடும் தோட்டம் தொடங்க நினைக்கும் எவரிடமும் நான் சொல்லக்கூடியது இதுதான். முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பெட்டியே சிறந்தது. நாளைக்கே தொடங்கலாம், யாரும் கைகொடுக்கலாம், மண் எப்படி என்று பார்க்கக் காத்திருக்க வேண்டாம். அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலையும் நிலம் தொடர்பான பேச்சுவார்த்தையையும் வெவ்வேறு ஆட்களிடம் ஒப்படையுங்கள். இரண்டையும் ஒருவரே பார்த்தால், கோடையில் இரண்டில் ஒன்று கட்டாயம் காயும். நிலக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, முதல் பருவத்திலேயே தரையில் ஒரு மரக்கன்றை நட்டுவிடுங்கள். இடம் மாறுவதா தங்குவதா என்ற பேச்சு வரும்போது அதற்கு எத்தனை வயது ஆகியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும்.